ஊர் வேலை பார்க்கிறவள் தூங்கலாமா?

கேள்வி இதுதான், சுருக்கித் தருகிறேன். ஏரியூர் பக்கத்திலிருந்து 29 வயதுத் தங்கை ஒருத்தி எழுதியிருக்கிறாள். மகளிர் குழுக் கூட்டமைப்பில் பொறுப்பில் இருக்கிறாள். அது மட்டும் என்றால் பரவாயில்லை. முதியோர் பென்ஷனுக்கு எழுதிக் கொடுப்பது, பதினைந்து வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் என்று காதில் விழுந்தால் ஓடுவது, ராத்திரியில் அடிவாங்கி வந்து நிற்கிற பெண்ணை எங்கே சேர்ப்பது என்று அலைவது, இப்படி எல்லாவற்றுக்கும் சுற்றியுள்ள ஏழு ஊருக்கு அவளுடைய போன் நம்பர்தான். இரண்டு மாதமாகத் தலைசுற்றல், தூக்கம் இல்லை. ஆறு வயது மகன் செங்கல் துண்டைக் காதில் வைத்துக்கொண்டு "அழாதீங்கக்கா, நான் வர்றேன்" என்று விளையாடுகிறானாம். வீட்டுக்காரர் "ஊரைத் திருத்தினது போதும், அடுப்பைப் பாரு" என்கிறார். அவள் கேட்பது: "என் உடம்பை, மனசை நான் பாத்துக்கணும்னு நினைக்கிறது சுயநலமா அக்கா? விட்டுடலாமா? விட்டா அந்தப் பொண்ணுங்களுக்கு யாரு?" கடைசியில் இன்னொரு வரியும் இருந்தது. இந்தத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு ஆறு பேருடைய மனுவை எடுத்துக்கொண்டு போகவேண்டும், மூன்று நாளாகக் காய்ச்சல், போகலாமா என்று.

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன். சுயநலமா என்றால், இல்லை. இதை நான் சொன்னதால் மட்டும் உனக்கு இன்றைக்கு ராத்திரி தூக்கம் வந்துவிடாது என்றும் தெரியும். பதினோரு மணிக்கு போன் அடித்தால் எடுக்கத்தான் போகிறாய். அதனால் மனசைத் தேற்றுகிற பேச்சைக் குறைத்துக்கொண்டு, யார் போனை யார் எடுப்பது என்கிற பேச்சுக்கு வருகிறேன். முப்பது வருஷத்தில் எனக்குப் பிடிபட்டது அவ்வளவுதான்.

முதலில் ஒரு பழைய கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். பல வருஷத்துக்கு முன்னால் எங்களுக்கெல்லாம் ஒரு பயிற்சி வைத்தார்கள். வந்தவர் பெரிய ஊர்க்காரர், நல்ல மனிதர்தான். விமானத்தில் ஆபத்து வந்தால் மேலே இருந்து முகமூடி விழும், அதை முதலில் நீங்கள் மாட்டிக்கொண்டு அப்புறம் பக்கத்தில் இருப்பவருக்கு மாட்டிவிட வேண்டும், அதுபோலத்தான் வாழ்க்கையும் என்றார். நாற்பது பெண்கள் உட்கார்ந்திருந்தோம், ஒருத்தியும் விமானம் ஏறியதில்லை. பரவாயில்லை, உவமைதானே. ஆனால் விமானத்தில் ஆளுக்கு ஒரு முகமூடி இருக்கும். நம் ஊரில் நாலு பேருக்கு ஒன்று. அப்படி இருக்கும்போது நான் முதலில் மாட்டிக்கொண்டால் பக்கத்தில் இருப்பவளுக்கு மூச்சு போகும், அவளுக்கு மாட்டினால் எனக்குப் போகும். இன்னும் மூன்று முகமூடி எங்கே போயிற்று என்று கேட்கிறவள்தான் அங்கே வேண்டும். நான் எழுந்து இதைக் கேட்கவில்லை. டீ வந்துவிட்டது.

என் கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று உனக்குத் தெரியும். தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் முதலில் தொடங்கியதே நம் தருமபுரி மாவட்டத்தில்தான், 1989-இல், ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. அப்போது கிருஷ்ணகிரியும் நம்மோடு ஒரே மாவட்டமாக இருந்தது, 2004-இல்தான் பிரிந்தது. நான் 1991-இல் ஊக்குநராகச் சேர்ந்தேன், பத்தொன்பது வயது. சேமிப்பு, கடன், நோட்டு எழுதுவது என்றுதான் ஆரம்பித்தோம். ஆனால் பத்துப் பெண்கள் வாரம் ஒருநாள் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் கடன் மட்டுமா பேசுவார்கள்? பெண் குழந்தை பிறந்த வீட்டில் மூன்றாவது நாள் என்ன நடக்கும் என்று பேசுவார்கள். அந்தக் காலத்துத் தருமபுரி உனக்குத் தெரியாது, தெரியாமல் இருப்பதே நல்லது. வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுவிடச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் வந்தது, நம் மாவட்டத்துக்கு 2001-இல்தான் நீட்டித்தார்கள். நடுவில் இருந்த வருஷங்களில் எங்களைப் போன்றவர்கள் கர்ப்பிணிகள் பட்டியலை நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு, இரண்டு பெண் குழந்தை இருக்கிற வீட்டில் மூன்றாவது பிரசவம் என்றால் அந்தத் தெருவிலேயே சும்மா சுற்றிக்கொண்டிருப்போம். சில வீட்டில் குழந்தை பிழைத்தது. சில வீட்டில் "காய்ச்சல்ல போயிடுச்சு" என்றார்கள். நான் அந்த நோட்டில் கோடு போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன்.

இந்த நோட்டுதான் என்னைப் படுக்கவைத்தது. ஒரே நாளில் இல்லை. ஏழெட்டு வருஷத்தில். முதலில் தூக்கம் போயிற்று, அப்புறம் பசி, அப்புறம்தான் மோசமானது வந்தது. எனக்கு எதுவுமே உறைக்காமல் போயிற்று. ஒரு பெண் முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாள், நான் மனசுக்குள் "சரி, சீக்கிரம் முடி, ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்கணும்" என்று நினைத்துக்கொண்டிருப்பேன். என் சொந்த அம்மா பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் மூன்று நாள்தான் போனேன், மற்ற ஏழு நாளும் யாருடைய ரேஷன் கார்டுக்கோ தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றேன். கடைசியில் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் விழுந்து, ஒரு பூக்கார அம்மா தண்ணீர் தெளித்து எழுப்பி, ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 7.2. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். மூன்று வருஷமாக மற்றவர்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். சிரிப்பு வருகிறதா? எனக்கு வந்தது, படுத்துக்கொண்டே சிரித்தேன், நர்ஸ் பயந்துவிட்டாள்.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. பர்ன் அவுட் என்கிறார்கள். ஐ.டி. கம்பெனிக்காரர்களுக்கு வருகிற நோய் என்று நினைத்திருந்தேன், ஓசூர் பக்கம் ஃபேக்டரி ஷிஃப்ட் பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தச் சொல்லை 1974-இல் எழுத்தில் கொண்டுவந்த ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பர்கர் என்கிற உளவியலாளர் பார்த்தது கம்பெனி ஆட்களை இல்லை. நியூயார்க்கில் ஏழைகளுக்கான ஓர் இலவச மருத்துவமனையில் சம்பளம் வாங்காமல் வேலை செய்த தொண்டர்களைப் பார்த்துத்தான் எழுதினார், அவரே அங்கே தொண்டு செய்து களைத்துப்போனவர். அதாவது, அந்தச் சொல்லே நம்மை மாதிரி ஆட்களைப் பார்த்து வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதை நோய் என்று சொல்லாமல் வேலையிடத்தில் உண்டாகிற ஒரு நிலை என்று வகைப்படுத்தியது. மூன்று அடையாளம் சொல்கிறார்கள்: சக்தி வற்றிப்போவது, செய்கிற வேலையின்மேல் ஒட்டாமை அல்லது வெறுப்பு, செய்வது எதுவும் பலிக்கவில்லை என்கிற எண்ணம். எனக்கு அந்த மூன்றும் இருந்தது. உனக்கு முதலாவது வந்துவிட்டது. "எத்தனை பண்ணாலும் அப்படியேதான் இருக்கு" என்று நடுவில் எழுதியிருக்கிறாய் பார், அது மூன்றாவது. இரண்டாவது இன்னும் வரவில்லை, ஏனென்றால் "அந்தப் பொண்ணுங்களுக்கு யாரு" என்று கேட்கிறாய். அது வருவதற்குள் ஏற்பாட்டை மாற்றவேண்டும், அது வந்துவிட்டால் நீ இருந்தும் அவர்களுக்குப் பிரயோஜனம் இல்லை.

சரி, தன் நலமா ஊர் நலமா என்று தராசில் இரண்டு தட்டு வைத்து நிறுத்துப் பார்க்கிறோமே, அந்தத் தராசைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். என் பல்லைப் பார்த்தால் எந்த ஊர் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். காவிக் கறை, குறுக்கே கோடு. எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான், கல்யாணப் போட்டோவில் ஒருத்தியும் பல் தெரியச் சிரிக்கமாட்டாள். போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு. ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்வரைதான் பொறுக்கலாம் என்பது கணக்கு, நம் பக்கம் எத்தனையோ போர்வெல்லில் அதைத் தாண்டும். சின்ன வயசில் பல்லைப் பிடிக்கும், வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும். என் அம்மா ரொம்பச் சுத்தக்காரி. எங்களுக்கு எப்போதும் தண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுப்பாள். காய்ச்சினால் கிருமி போகும், ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அது இன்னும் கெட்டிப்படும். அக்கறையோடு காய்ச்சிக் காய்ச்சி எங்களுக்கு அதையே கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாள், பாவம்.

அந்தத் தண்ணீருக்கு ஒரு வீடு தனியாகச் செய்துகொள்ளக்கூடிய வைத்தியம் எதுவும் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. காசு உள்ளவர்கள் கேன் வாங்கினார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல் நாட்டி, ஜப்பான் கடன் வாங்கி, 2013-இல் தண்ணீர் விட்டார்கள். அதற்குமுன் எத்தனை வருஷம் எத்தனை மனு, எத்தனை மறியல். அந்த மறியலில் நான் வெயிலில் உட்கார்ந்தது ஊருக்காகவா, என் மூட்டுக்காகவா? இரண்டும் ஒன்றுதான். உன்னுடைய தலைசுற்றலிலும் எவ்வளவு உன்னுடையது, எவ்வளவு ஊருடையது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. தாலுகா ஆபீஸில் ஒரு மனுவுக்கு நாலு தடவை நடக்கவிட்டால் அந்த நாலு நடையும் உன் முழங்காலில்தான் சேருகிறது. ஆபீஸ் ஒழுங்காக நடந்தால் உனக்கு அவ்வளவு ஓய்வு. அதனால் ஓய்வுக்காகப் போராடுவதும் நீ செய்கிற வேலையில் சேர்த்திதான், வேறு கணக்கில் எழுதாதே.

இப்போது வீட்டுக்கு வருவோம், இங்கேதான் உனக்குக் கோபம் வரலாம். உன் வீட்டுக்காரரை நான் திட்டப்போவதில்லை, அவரை எனக்குத் தெரியாது. ஆனால் நீ எழுதியதில் ஒரு நாளைக் கணக்குப் போட்டேன். நாலரைக்கு எழுந்து மாட்டைப் பார்த்து, தண்ணீர் பிடித்து, களி கிளறி, மாமியாருக்குத் தனியாகச் சோறு, பையனைப் பள்ளிக்கூடம் அனுப்பி, அப்புறம்தான் ஊர் வேலை. சாயங்காலம் திரும்பினால் மறுபடி மாடு, அடுப்பு. ஊர் வேலை உன்னைக் கொல்கிறது என்கிறாய். என் கணக்கில் ஊர் வேலை ஐந்து மணி நேரம், வீட்டு வேலை எட்டு மணி நேரம். ஊரில் போய்ப் பெண்ணுக்குச் சமநீதி என்று பேசிவிட்டு வந்து, வீட்டில் எல்லாரும் தின்று முடித்த பிறகு அடிச்சட்டியில் ஒட்டினதை வழித்துத் தின்கிறோம் பார், அதைப் பற்றி எந்தப் பயிற்சியிலும் யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. நான் பதினெட்டு வருஷம் அப்படித் தின்றேன். பாதி களைப்பு அதில் வந்தது என்று இப்போது புரிகிறது.

களி கிளறுவதற்குப் புஜபலம் வேண்டும், ஆம்பளைக்கு அது நன்றாகவே வரும் (என் வீட்டுக்காரர் கிளறுகிற களியில் கட்டி விழாது, எனக்குத்தான் விழும், ஊரில் இதைச் சொல்லக்கூடாது என்று அவருக்கு உத்தரவு போட்டிருந்தார் அவருடைய அம்மா). எடுத்த எடுப்பில் சண்டைக்குப் போகாதே. ஒரே ஒரு வேலையைக் கேள், அதை முழுசாகக் கொடு, எப்படிச் செய்தாலும் குறை சொல்லாதே. சாயங்கால மாடு அவருடையது என்றால் அவருடையதுதான், பால் கொஞ்சம் குறைந்தால் குறையட்டும். "அடுப்பைப் பாரு" என்கிறவர் அடுப்பைப் பார்க்க ஆரம்பித்தால் அந்தப் பேச்சின் சத்தம் குறைவதைப் பார்த்திருக்கிறேன். எல்லா வீட்டிலும் குறையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். கேட்டதற்கே அடிவிழுகிற வீடாக இருந்தால் பேச்சு வேறு, அப்போது எனக்குத் தனியாக எழுது.

போனுக்கு வருகிறேன். ஏழு ஊருக்கு ஒரு நம்பர் என்பது உனக்குப் பெருமையாக இருக்கும், எனக்கும் இருந்தது. அதில் ஒரு போதை உண்டு, மறைக்காதே. "அக்கா இல்லாட்டி ஒண்ணும் நடக்காது" என்று நாலு பேர் சொல்லும்போது முதுகு நிமிரும். ஆனால் அக்கா படுத்தால் ஒன்றும் நடக்காது என்பதும் அதே வாக்கியம்தான். உன் கூட்டமைப்பில் குறைந்தது ஐந்து பேர் உருப்படியாக இருப்பார்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் யார் போனை எடுப்பது என்று நாள் பிரி. உன் நாள் வாரத்துக்கு இரண்டு, மற்ற நாளில் போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் போடு, நான் அப்படித்தான் பழகினேன். அவர்கள் முதலில் சொதப்புவார்கள். ஒரு பெண்ணை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போகவேண்டிய இடத்தில் சமாதானம் பேசி வீட்டுக்கு அனுப்பிவிடுவாள் ஒருத்தி, உனக்கு ரத்தம் கொதிக்கும். மறுநாள் போய்ச் சரிசெய்யலாம். நீயும் முதல் வருஷம் அப்படித்தானே செய்தாய்?

அப்புறம், எல்லாவற்றுக்கும் ஆளே போய் நிற்கவேண்டியதில்லை. குழந்தைத் திருமணம் என்றால் 1098. யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம், சொன்னவர் யார் என்பதை வெளியே விடமாட்டார்கள். 2006-ஆம் வருஷச் சட்டப்படி அதைத் தடுக்கிற பொறுப்பு அதிகாரி மாவட்டச் சமூக நல அலுவலர், சம்பளம் வாங்குகிறவர், அரசு வண்டி உண்டு. நீ மண்டப வாசலில் போய் நின்று பெண் வீட்டாரிடம் சாபம் வாங்கவேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அந்தக் கல்யாணம் நின்றபிறகு அந்தப் பிள்ளை திரும்பப் பள்ளிக்கூடம் போகிறாளா என்று ஆறு மாதம் பார்ப்பது இருக்கிறதே, அது 1098-ஆல் ஆகாது, பக்கத்தில் இருக்கிற உன்னால்தான் ஆகும். உன் சக்தியை அதற்கு வை. அடிவாங்கி வருகிறவளுக்கு 181, மாவட்டத்தில் சகி ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது, தங்கவும் வைப்பார்கள். இந்த இரண்டு நம்பரையும் ஏழு ஊர் ரேஷன் கடைச் சுவரிலும் எழுதிவை, உன் நம்பரை அழி. பெயிண்ட் வாங்கக் காசு கூட்டமைப்பு கணக்கில் எடு, உன் கையிலிருந்து போடாதே.

காசு என்று சொன்னதும் ஞாபகம் வருகிறது. 2021-இலிருந்து டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் இல்லை, நல்ல விஷயம், நான் மறுக்கவில்லை. ஆனால் பஸ் இலவசம் ஆனதும் நம் நேரமும் இலவசம் என்று எல்லாரும் நினைத்துவிட்டார்கள், நாமும் சேர்த்து. டீ, ஜெராக்ஸ், போட்டோ, மதியச் சாப்பாடு எல்லாம் யார் பையிலிருந்து போகிறது என்று ஒரு மாதம் எழுதிப் பார். எழுதிய தாளைக் கூட்டமைப்புக் கூட்டத்தில் வாசி. கூச்சமாகத்தான் இருக்கும். பட்டினி கிடந்து தொண்டு செய்தால்தான் நல்லவள் என்று நமக்குள் யாரோ ஊட்டிவிட்டிருக்கிறார்கள். அதிலும் இந்த ஊரில் பிறந்ததற்கு ஒரு தனிச் சுமை இருக்கிறது. எந்த மேடையில் ஏறினாலும் "அதியமான் பிறந்த மண், ஆயுளைக் கொடுக்கிற நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்த மண்" என்று ஆரம்பித்து, கடைசியில் தொண்டர்களிடம் இன்னும் பத்து நாள் இலவச வேலை வாங்கிவிடுவார்கள். எனக்கு அந்தக் கதை பிடிக்கும். ஆனால் அதியமான் கொடுத்தது ஒரு கனி, ஒரு தடவை, அதுவும் அவன் அரசன், சாயங்காலம் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டவேண்டியதில்லை. கனியை வாங்கிக்கொண்ட ஔவையும் "இன்னும் கொடு" என்று பாடவில்லை, நீ சாகாமல் இருக்கவேண்டும் என்றுதான் பாடினாள்.

இதைப் படித்துவிட்டு வேறொரு பக்கம் சாய்ந்துவிடாதே என்றும் பயமாக இருக்கிறது. என்னோடு வேலை பார்த்த சிலர் "என் மன அமைதிக்கு ஒத்துவரவில்லை" என்று ஒதுங்கினார்கள். உண்மையிலேயே முடியாமல் ஒதுங்கியவர்களை நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். ஆனால் காலனிக்குள் போகவேண்டிய வேலை வந்தால் மட்டும் மன அமைதி கெடுகிறது, ஊர்த்தெருவில் விழா என்றால் கெடுவதில்லை என்று இருந்தவர்களும் உண்டு. சாதி அடிக்கிற இடத்தில் நிற்கிறவளுக்கு லீவு கிடையாது. 2012 நவம்பரில் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி மூன்று இடத்திலும் தலித் மக்களின் வீடு எரிந்தபோது, அங்கே இருந்தவர்கள் அன்று இரவு களைப்பாக இருக்கிறது என்று செய்தியை அணைத்துவிட்டுப் படுக்கமுடிந்ததா? நமக்கு ஓய்வு எடுக்க முடிகிறது என்பதே பல நேரம் நாம் எந்தத் தெருவில் பிறந்தோம் என்பதைப் பொறுத்தது. ஓய்வு எடுக்காதே என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தத் தெருப் பெண்ணுக்கும் போன் அணைக்கிற ராத்திரி வேண்டும், உங்கள் நாள் பட்டியலில் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கிறதா என்று பார், எப்போதும் கஷ்டமான நாள் அவள் தலையில் விழுகிறதா என்று பார். நான் நடத்திய குழுவில் அப்படித்தான் விழுந்தது, பல வருஷம் கழித்து அவளே சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

எவ்வளவு செய்தால் போதும் என்பதற்கு எனக்கு ஓர் அளவுகோலைக் கொடுத்தது ஒரு கிழவி. கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கல்குவாரியில் கொத்தடிமையாக இருந்த குடும்பங்களை மீட்டபோது முதல் நாள் கூட்டம் அலைமோதியது, போட்டோ, பிஸ்கட், போர்வை. 1976-ஆம் வருஷச் சட்டப்படி விடுதலைச் சான்று கைக்கு வரவேண்டும், அப்புறம் ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். மூன்றாவது மாதம் நாங்கள் இரண்டு பேர்தான் மிஞ்சினோம். நான் தினமும் ஓடினேன், இரண்டாவது வாரமே முகம் கறுத்துவிட்டது. அந்தக் கிழவி ஒருநாள் என்னை உட்காரவைத்து, "பாப்பா, தினமும் வராத. மாசத்துக்கு ஒருவாட்டி வா. ஆனா வா" என்றாள். ஓடிவந்து ஓடிப்போகிறவர்களை எத்தனை பேரைப் பார்த்திருப்பாளோ. அதற்கப்புறம் நான் இரண்டாவது சனிக்கிழமை என்று வைத்துக்கொண்டேன், நாலு வருஷம் போனேன். தினமும் ஓடியிருந்தால் நாலு மாதம் தாங்கியிருக்கமாட்டேன்.

வாச்சாத்தியை யோசித்துப் பார், அரூர் பக்கம் நமக்குத் தெரிந்த ஊர். 1992 ஜூன் 20-ஆம் தேதி சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று உள்ளே போன வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் செய்த கொடுமைக்கு, பதினெட்டுப் பெண்களைச் சீரழித்ததற்கு, தருமபுரி நீதிமன்றத் தீர்ப்பு 2011 செப்டம்பர் 29-இல்தான் வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்தே போனார்கள். மீதி 215 பேருக்கும் தண்டனை. மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023 செப்டம்பரில். முப்பத்தோரு வருஷம். அந்தப் பெண்கள் அந்த முப்பத்தோரு வருஷமும் கூலிக்குப் போனார்கள், பிள்ளை வளர்த்தார்கள், கல்யாணம் செய்துவைத்தார்கள். கூட நின்றது மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் வழக்கறிஞர்களும். ஒருத்தருடைய தூக்கமில்லாத ராத்திரியை நம்பி அந்த வழக்கு நடக்கவில்லை, நடந்திருந்தால் 1994-இலேயே முடிந்திருக்கும்.

சிட்லிங்கியையும் பார்க்கலாம், உனக்குப் போய்ப் பார்க்க வாய்ப்பு கிடைத்தால் போ. 1993-இல் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற இரண்டு டாக்டர்கள் அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு குடிசையில் வைத்தியம் ஆரம்பித்தார்கள். இரண்டே டாக்டர்கள், சுற்றி அத்தனை மலை ஊர்கள். அவர்கள் இரண்டு பேரும் ராப்பகலாக ஓடியே தீர்ப்போம் என்று இருந்திருந்தால் அது ஐந்து வருஷக் கதையாகியிருக்கும். உள்ளூர்ப் பெண்களுக்கே நர்ஸ் வேலையும் பிரசவம் பார்ப்பதும் சொல்லிக்கொடுத்தார்கள், ஒவ்வோர் ஊரிலும் ஒரு சுகாதாரப் பணியாளரை உண்டாக்கினார்கள். இன்றைக்கு அது பெரிய ஆஸ்பத்திரி, இயற்கை விவசாயிகள் சங்கம், லம்பாடிப் பெண்களின் தையல் வேலை என்று விரிந்திருக்கிறது. அடுத்த ஆளுக்குச் சொல்லிக்கொடுப்பது ஆரம்பத்தில் நாமே செய்வதைவிட இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். அந்த இரண்டு மடங்கைப் பார்த்துப் பயந்துதான் நாம் எல்லாவற்றையும் நம் தலையிலேயே வைத்துக்கொள்கிறோம்.

உடம்பு விஷயம் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். முதலில் ரத்தம் பார், ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேள். மக்களைத் தேடி மருத்துவம் 2021-இல் நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது, வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார்கள். உன் ஊரில் எல்லாரையும் வரிசையில் உட்காரவைத்திருப்பாய், நீ கையை நீட்டியிருக்கமாட்டாய். தூக்கத்துக்கும் மனசுக்கும் 14416, காசு இல்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம். தருமபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது. அங்கே போனால் பைத்தியம் என்பார்களே என்று நினைப்பாய். நான் போனேன், ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி கேட்டதற்குப் பல் வைத்தியம் என்று சொல்லிவிட்டேன், என் பல்லைப் பார்த்து நம்பிவிட்டாள். செத்துப்போகலாம் என்கிற நினைப்பு ஒருநாள் எட்டிப்பார்த்தாலும் அன்றைக்கே அந்த நம்பருக்குக் கூப்பிடு, உன் நாளா இல்லையா என்று பார்க்காதே.

விட்டுவிடலாமா என்று கேட்டாய். விடலாம், உனக்கு அந்த உரிமை இருக்கிறது, யாரும் உன்னைக் கேட்கமுடியாது. ஆனால் படுத்த படுக்கையில் அந்த முடிவை எடுக்காதே. மூன்று மாதம் போனை ஐந்து பேருக்குப் பிரித்து, சாயங்கால மாட்டை அவரிடம் கொடுத்து, ரத்தம் ஏறின பிறகும் விடத் தோன்றினால் விடு. பையனுக்கு இப்போதைக்கு விளக்கம் எதுவும் சொல்லவேண்டாம். ஆறு வயசு, அவனோடு தரையில் உட்கார்ந்து நீயும் ஒரு செங்கல் துண்டை எடுத்துக் காதில் வை, வேறு ஏதாவது பேசு.

திங்கட்கிழமை நீ போகாதே. ஆறு மனுவில் முதியோர் பென்ஷன் எத்தனை என்று நீ எழுதவில்லை, அவற்றை இ-சேவை மையத்திலேயே பதிவு செய்யலாம், கலெக்டர் ஆபீஸ் வரை தேவையில்லை. மீதி மனுக்களை அவரவர் கையிலேயே கொடு, கூடப் போக ஒருத்தியை அனுப்பு, எங்கே டோக்கன் போடுவார்கள், ரசீது வாங்காமல் வரக்கூடாது என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடு. காலை ஏழு மணி பஸ்ஸில் ஏற்றிவிடக்கூட நீ போகவேண்டாம், போனால் நீயும் ஏறிவிடுவாய், எனக்குத் தெரியும்.